சாமியைக் கடைசியில் கூப்பிடாதீர்கள்



சாந்தன்பாறையிலும் பூப்பாறையிலும் சின்னக்கானலிலும், எஸ்டேட் லயங்களிலும் சின்னச் சின்ன ஏலத்தோட்ட வீடுகளிலும், படுக்கையில் விழுந்த ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன். பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் சிஸ்டரோடு உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பெண்களில் நானும் ஒருத்தி. சிஸ்டர் புண்ணைக் கழுவிக் கட்டுவார், மூத்திரக் குழாயை மாற்றுவார், மாத்திரை எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். கிளம்பும்போது வாசலில் வைத்து உங்களிடம் கேட்பேன்: "சாமிக்குச் சொல்லவா?" பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான். "இப்ப வேணாங்க்கா. சாமி வந்தா அப்பா பயந்துருவாரு. நேரம் வரட்டும், நாங்களே சொல்றோம்."

அந்த நேரம் வரும்போது இந்த மலையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நடுராத்திரியில் மூச்சு இழுக்க ஆரம்பிக்கிறது. போனில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒரு பையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். சாமி எழுந்து கிளம்பத் தயாராக இருந்தாலும் ஜீப்புக்காரர் தயங்குகிறார். ஆனையிறங்கல் பக்கமோ பன்னியார் பக்கமோ ரோட்டில் யானை நிற்கிறது என்று தகவல். அவரைக் குறை சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் பன்னியாரில் யானை விரட்டிப் பழகிய வனக் காவலர் ஒருவரையே யானை கொன்றது. அந்த ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. மழைக்காலம் என்றால் கேப் ரோட்டில் மண் சரிந்து மூணாற்று வழி அடைபடும். எல்லாம் தாண்டிச் சாமி வந்து சேரும்போது நோயாளிக்கு நினைவு தப்பியிருக்கிறது. சில வீடுகளில் உயிர் பிரிந்து அழுகைச் சத்தம் கேட்கிறது. திருவருட்சாதனம் உயிரோடு இருப்பவருக்கு உரியது. இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தபின் எண்ணெய் பூச முடியாது. சாமி முழந்தாளிட்டுச் செபிப்பார், உங்களோடு அழுவார். ஆனால் உங்கள் அப்பா அவரிடம் பேச நினைத்த பேச்சு அப்பாவோடு போய்விட்டது.

அதனால்தான் கேட்கிறேன். நோய் முற்றுகிறது என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே சாமியைக் கூப்பிடுங்கள். பகலில் கூப்பிடுங்கள். நோயாளிக்குப் பேச்சும் நினைவும் விழுங்கும் சக்தியும் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நம் பாட்டிமார் காலத்தில் அவஸ்தை பூசுதல் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். சாமி வீட்டுப் படியேறினால் அக்கம்பக்கத்தார் பாடைக்கு மூங்கில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் 1963 இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாக்கிவிட்டது: இந்தப் பூசுதல் சாவின் விளிம்பில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல, நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறும் சரியான நேரம் வந்துவிடுகிறது. 1972 இல் ஆறாம் பவுல் திருத்தந்தை சடங்கு முறையையும் அதற்கேற்றபடி மாற்றினார். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் பெறலாம். தளர்ந்துபோன முதியவர் பெறலாம். குணமாகி மறுபடி நோயில் விழுந்தாலோ, அதே நோய் இன்னும் மோசமானாலோ மறுபடியும் பெறலாம். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் நம் லயங்களில் பழைய பயமே ஆட்சி செய்கிறது. இதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பூசையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்காத நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் பொறுப்பு.

சாமி வந்தால் என்ன செய்வார் என்று தெரியாததும் பயத்துக்கு ஒரு காரணம். வந்ததும் தீர்த்தம் தெளிப்பார், விவிலியத்திலிருந்து ஒரு சிறு பகுதியை வாசிப்பார். பிறகு ஒன்றும் பேசாமல் நோயாளியின் தலைமேல் கைகளை வைப்பார். எனக்கு அந்தச் சடங்கிலேயே மிகப் பெரிதாகத் தோன்றுவது அந்த மௌனம்தான். மாதக்கணக்கில் ஊசி போடவும் புரட்டிப் படுக்கவைக்கவும் மட்டுமே தொடப்பட்ட ஒரு உடம்பை, எந்த வேலையும் இல்லாமல் ஒருவர் தொடுகிறார். பிறகு நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவார். பெரிய வாரத்தில் ஆயர் மந்திரித்துப் பங்குகளுக்குக் கொடுத்தனுப்பும் எண்ணெய் அது. ஏலக்காய் பறித்தே கறுத்துக் காய்த்துப்போன கைகள் நீட்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் நற்கருணை. ஒரு முழு அப்பம் வேண்டியதில்லை, ஒரு துணுக்குப் போதும். வாய்ப்புற்று வந்து எதையும் விழுங்க முடியாதவருக்குத் திருஇரத்தத்தின் ஒரு துளியைக் கொடுக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. முன்கூட்டியே சொன்னால் சாமி அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு வருவார். இன்னொன்று, உங்களில் பலருக்குத் தெரியாதது: நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒருமணிநேர உபவாசம் கட்டாயமில்லை. ராத்திரியெல்லாம் கண்விழித்துவிட்டுக் காலையில் ஒரு டீ குடித்த மகள், அம்மாவோடு சேர்ந்து நற்கருணை வாங்கலாம். பலர் இது தெரியாமல் ஒதுங்கி நிற்கிறார்கள்.

ஒப்புரவைப் பற்றி ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். லயத்து வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு முன்னறை, ஒரு அடுப்படி. பல இடங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். நாற்பது வருஷமாக ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் மத்தியில் ஒரு மனிதர் தன் மனதைத் திறக்க வேண்டும் என்றால் எப்படித் திறப்பார்? ஆகவே சாமி வருகிற அந்த அரைமணி நேரம், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து குழாயடிப் பக்கம் போய் நில்லுங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிவியை அணைத்துவிட்டுப் போக வேண்டாம், ஓடட்டும், அதுவும் ஒரு மறைப்புத்தான். இந்து வீட்டாரும் சிஎஸ்ஐ வீட்டாரும் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொண்டு விலகி நிற்கிறார்கள். சாவு விஷயத்தில் நம் லயங்களில் மதவேற்றுமை பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு தடவை வந்து பூசிவிட்டுப் போவதோடு சாமியின் வேலை முடிவதில்லை. முதல் தடவை வரும்போது பலர் ஒன்றும் பேசுவதில்லை. "நல்லாருக்கேன் சாமி" என்பதோடு சரி. இரண்டாம் தடவை ஊர்க்கதை பேசுவார்கள். தேவாரத்திலிருந்து எந்த வருஷம் மலையேறி வந்தேன், அன்றைக்குக் கூலி என்ன, எந்தக் கங்காணி நல்லவர் என்றெல்லாம். மூன்றாம் தடவைதான் உள்ளே இருப்பது வெளியே வரும். சொத்துத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட தம்பி, கோபத்தில் வீட்டைவிட்டுத் துரத்திய மகள், கட்டிய மனைவியை அடித்த பழைய நாட்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் சாமி போனபிறகு, "அந்தத் தம்பிக்கு ஒரு போன் போடு" என்று நோயாளி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். கீழே போடியிலிருந்து தம்பி மேலே ஏறி வருவதற்கும் நாள் வேண்டும் அல்லவா? கடைசி ராத்திரியில் கூப்பிட்டால் அதற்கெல்லாம் ஏது நேரம்?

இதோடு சேர்ந்ததுதான் நோயை மறைப்பது. "கேன்சர்னு அவருக்குத் தெரியாதுக்கா, சொல்லிறாதீங்க" என்று என்னிடம் அடுப்படியில் வைத்துக் கண்ணீரோடு கேட்ட மனைவிமார் எத்தனையோ பேர். உள்ளே போனால் அந்தக் கணவர் தாழ்ந்த குரலில், "எனக்கு என்னன்னு தெரியும். அவகிட்டச் சொல்லிறாதீங்க, தாங்கமாட்டா" என்பார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியே தவிக்கிறார்கள். இந்தச் சுவரை உடைக்க நம்மால் முடியாதபோது சாமியால் முடிகிறது. அவர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "மனசுல என்ன ஓடுது?" என்று நோயாளியிடமே கேட்கிறார். முதலில் நோயாளியைத்தான் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். யாக்கோபின் மடலிலும் அப்படித்தான். நோயுற்றவரே மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்கிறார். உங்கள் அப்பாவைக் கேட்காமல் நீங்களே அவருக்காகப் பயப்படுகிறீர்கள். நான் கேட்டுப் பார்த்த முதியவர்களில் சாமி வேண்டாம் என்றவர்கள் மிகச் சிலர்தான். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். யாரையும் வற்புறுத்திப் பூசுவது சாமியின் வேலை அல்ல.

வலியைப் பற்றியும் சில வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பக்தியின் பெயரால் ஒரு கொடுமை நடக்கிறது. ஆண்டவரே சிலுவையில் பாடுபட்டார், நாமும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி மார்ஃபின் மாத்திரையை ஒதுக்கிவைக்கிற வீடுகள் இருக்கின்றன. மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் செத்துப்போவார், அது கொலைப் பாவம் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 1957 இலேயே பன்னிரண்டாம் பத்திநாதர் திருத்தந்தை மருத்துவர்களிடம் பேசும்போது, வலியைத் தணிப்பதற்காகவே கொடுக்கிற மருந்து, வேறு வழியில்லாதபோது ஆயுளைச் சற்றுக் குறைத்தாலும்கூட, அனுமதிக்கப்பட்டதுதான் என்று சொல்லிவிட்டார். சரியான அளவில் கொடுத்தால் அப்படிக் குறைப்பதில்லை என்பது பாலியேட்டிவ் டாக்டர்களின் அனுபவம். 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிவைத்ததுதான் இந்தப் பாலியேட்டிவ் வேலை. 2008 இல் கேரளம் இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது, இந்தியாவில் முதல் மாநிலமாக. அதனால்தான் இன்று உங்கள் லயத்துக்கே சிஸ்டர் வருகிறார். 2014 இல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் கிடைக்கும் வழியை எளிதாக்கியது. இவ்வளவு பேர் போராடி வாங்கிக்கொடுத்த மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு மனிதரைக் கத்தவிடுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. சந்தேகம் இருந்தால் சாமியிடமே கேளுங்கள். வலி அடங்கிய மனிதரால்தான் செபிக்கவும் முடியும்.

அதேபோல, கோட்டயம் போவதா, தேனி க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதா, இன்னொரு ஐசியூவுக்கு நகையை அடகுவைப்பதா என்று குடும்பம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் சாமிக்கு வேலை உண்டு. வைத்தியம் சொல்ல அவர் டாக்டர் அல்ல. ஆனால் பயன் தராது என்று டாக்டரே சொல்லிவிட்ட, தாங்க முடியாத சுமையான சிகிச்சையை நிறுத்திவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவருவது பாவமல்ல என்று அவரால் சொல்ல முடியும். திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அதைச் சொல்கிறது. 2020 இல் உரோமையிலிருந்து வந்த மடலும் கருணைக்கொலையை உறுதியாக மறுத்த கையோடு, பாலியேட்டிவ் பராமரிப்பை வற்புறுத்துகிறது. "அப்பாவைச் சாகவிட்டுட்டியே" என்று சொந்தக்காரர்கள் குத்திப் பேசும்போது, சாமி சொன்ன அந்த ஒரு சொல் மூத்த மகனுக்கு எவ்வளவு பெரிய துணை என்று நான் பார்த்திருக்கிறேன்.

எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றும் சிலர் தடுமாறுகிறீர்கள். மூணாற்றில் 1898 இல் கார்மேல் அன்னை ஆலயம் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மலைகளில் தமிழ்க் கத்தோலிக்கர் இருக்கிறோம். 1930 முதல் நம் இலத்தீன் பங்குகள் விஜயபுரம் மறைமாவட்டத்தின் கீழ். நம்மைச் சுற்றிலும் சீரோ மலபார் பங்குகள், அவர்களுக்கு 2003 இலிருந்து இடுக்கி மறைமாவட்டம். அடிவாரத்தில் இறங்கினால் மதுரை உயர்மறைமாவட்டம். நல்ல நாளில் எந்த ரீத்து, எந்தப் பங்கு என்று பார்க்கலாம். உயிர் ஊசலாடும்போது பார்க்க வேண்டியதில்லை. எந்த ரீத்துச் சாமியிடமும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். சாகும் ஆபத்தில் இருப்பவருக்கு, குருத்துவப் பணியிலிருந்து விலகிப்போனவர்கூடப் பாவமன்னிப்பு வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 976 சொல்கிறது. அருகில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஆனால் நேரம் இருக்கும்போது தமிழ் தெரிந்த சாமியைக் கேட்டு வாங்குங்கள். ஐம்பது வருஷம் மலையாளம் பேசிச் சந்தையில் ஏலக்காய் விற்ற மனிதர், கடைசி நாட்களில் கம்பத்துத் தமிழுக்குத் திரும்பிவிடுகிறார். சின்ன வயதில் தாய்மடியில் கற்ற செபங்கள்தான் வாயில் வருகின்றன. மலையாளச் சாமிமாரில் சிலர் நமக்காகத் தமிழ்ச் செபங்களை எழுத்துக்கூட்டிப் படித்துவந்து சொல்வதையும் பார்த்திருக்கிறேன். உச்சரிப்பு தடுக்கினாலும் நோயாளியின் கண் மலரும். அந்தச் சாமிமாருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே சொல்லியும், எல்லாம் செய்தும், சாமியால் வர முடியாத ராத்திரிகள் வரத்தான் செய்யும். அப்போது கைவிடப்பட்டோம் என்று நினைக்காதீர்கள். முத்துக்குளித்துறையில் சவேரியார் தன்னந்தனியாக நின்றபோது, ஊருக்கு ஊர் நோயாளிகள் கூப்பிட்டனுப்பியதால், தன்னால் போக முடியாத வீடுகளுக்குச் சிறுவர்களை அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அதைச் சொல்லியிருக்கிறார். நோயாளியைச் சுற்றி நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னவர்கள் நம் தமிழ்ப் பிள்ளைகள். நீங்களும் அதையே செய்யலாம். பாடுபட்ட சுரூபத்தை நோயாளியின் கையில் கொடுங்கள். மெழுகுதிரி ஏற்றுங்கள். மனத்துயர் செபத்தை அவர் காதருகே மெதுவாகச் சொல்லுங்கள். நினைவு தப்பினாலும் காது கேட்கலாம் என்று சிஸ்டர் சொல்வார். கொரோனாவில் சாமிமார் ஆஸ்பத்திரிக்குள் போக முடியாத நாட்களில், 2020 மார்ச் 20 அன்று உரோமை ஓர் ஆணை வெளியிட்டது. பூசுதலைப் பெற முடியாமல் சாகிறவர், வாழ்நாளில் ஏதேனும் செபம் சொல்லும் வழக்கமும் தக்க மனநிலையும் கொண்டிருந்தால், பரிபூரணப் பலன் பெறுகிறார் என்று அதில் மறுபடி உறுதி சொல்லப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்தோடு புதைந்துபோன 70 பேரும் யாரையும் கூப்பிட நேரமில்லாமல் போனவர்கள்தான். நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்களை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று எந்தச் சாமியும் சொல்ல மாட்டார்.

உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் வீட்டாரே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 2019 தொடக்கத்தில், நம் மாவட்டத்தில் கடன்பட்ட விவசாயிகள் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். அரசு கடன் வசூலை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. அப்படி ஒருவரை இழந்த கத்தோலிக்க வீடுகளில், சாமி வரமாட்டார், கல்லறையில் இடம் தரமாட்டார் என்று நினைத்து ஊர்க்கோடியில் அடக்கம் பண்ண யோசித்தவர்கள் உண்டு. 1917 இன் பழைய சட்டத்தில் அந்தத் தடை இருந்தது. 1983 இன் புதிய சட்டத்தில் அது இல்லை. அவர்களுக்காக நம்பிக்கையோடு செபிக்கச் சொல்கிறது திருச்சபை. சாமியைக் கூப்பிடுங்கள். பூசை கேளுங்கள். அது உங்கள் உரிமை. யாராவது மறுத்தால் ஆயர் வரைக்கும் போங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

அடக்கம் முடிந்தபின் வரும் நாட்களைப் பற்றிச் சாமிமாரிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன், அவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால். முப்பதாம் நாள் பூசைக்கு வீடு நிறையக் கூட்டம் இருக்கும். அதற்கடுத்த மாதம்தான் யாரும் வருவதில்லை. காய் எடுப்பு தொடங்கிவிட்டால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டு வருஷம் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்தே பழகிய மனைவி, செய்ய வேலை இல்லாமல் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அப்பாவைப் பற்றி யாரிடம் பேசுவது என்று தெரியாது. அந்த மாதத்தில் ஒரு நாள், கையில் எண்ணெயும் புத்தகமும் இல்லாமல், சும்மா வந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போங்கள், சாமி.

குடும்பங்களுக்கு மறுபடியும். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடமோ எங்களிடமோ நோயாளியின் பெயரைக் கொடுங்கள். எந்த எஸ்டேட், எத்தனையாவது லயம், ஜீப்பு எதுவரை வரும், எந்த நேரத்தில் நோயாளி தெளிவாக இருப்பார், விழுங்க முடியுமா, தமிழா மலையாளமா, இவ்வளவும் சொன்னால் போதும். எழுந்து நடக்க முடிகிறவர்களைப் பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளில் கோவிலுக்கே கூட்டிவரலாம். 1993 முதல் அது உலக நோயாளர் நாள். எல்லோரோடும் சேர்ந்து அங்கேயே பூசுதல் வாங்குவதற்குச் சாமியிடம் முன்னதாகவே கேட்டுவைக்கலாம். வண்டிக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
உங்கள் வீட்டு வாசலில் கேட்டுக்கொண்டு நிற்பவள்